நுனி முடி எத்தனை டை பார்த்திருக்கிறது?

தோளுக்குக் கீழே இறங்கிய கூந்தலின் நுனி, தலைத்தோலை விட்டு வெளியே வந்து மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது. 36 செ.மீ. நீளம் என்றால் 36 மாதம். மாதம் ஒருமுறை தலை முழுக்க டை அடிப்பவருக்கு அந்த நுனி 36 முறை டையில் உள்ள காரத்திலும் பெராக்சைடிலும் ஊறியிருக்கிறது. வேரோரத்து முடி ஒரே ஒரு முறை. ஒரே இழையை வேரிலிருந்து நுனிவரை இரு விரலால் உருவிப் பாருங்கள். மேலே வழுக்கிக்கொண்டு போகும் விரல், பாதிக்குக் கீழே சொரசொரப்பில் தயங்கும்.

டை அடித்து முடி கெட்டுவிட்டது என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்கு நடந்தது இதுதான். புதிதாக எட்டிப் பார்க்கும் நரைக்குத்தான் டை தேவை. ஏற்கெனவே கறுத்திருக்கும் நீளத்துக்கும் சேர்த்து ஒவ்வொரு முறையும் பூசுவதால் முடி பாழாகிறது. விலை கூடிய பிராண்டுக்கு மாறுவதைவிட இந்த ஒரு பழக்கத்தை மாற்றுவதில் பலன் அதிகம். ஏன் என்பது விளங்க, டை முடிக்குள் போய் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

<b>சாயம் உள்ளே போகும் வழி</b>

முடி இழையின் வெளிப்புறம் செதில் அடுக்கு. நாட்டு ஓடு வேய்ந்த கூரைபோல 5 முதல் 10 அடுக்குச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நுனியை நோக்கிச் சரிந்து படிந்திருக்கும். ஒவ்வொரு செதிலும் அரை மைக்ரான் தடிமன்தான். அதற்கு உள்ளே, இழையின் பெரும்பகுதியாக இருப்பது புறணி. கெரட்டின் என்ற புரதத்தின் நார்களும் முடிக்குக் கறுப்பு தரும் மெலனின் மணிகளும் அங்கே இருக்கின்றன. முடியின் வலு புறணியில். வழுவழுப்பும் மினுமினுப்பும் செதிலில்.

நிரந்தர டை வேலை செய்ய மூன்று பொருள் வேண்டும். ஒன்று, நிறமே இல்லாத சிறிய மூலக்கூறுகள். பாரா-ஃபினைலீன்டயமின் எனப்படும் பிபிடி, டொலுவீன்-2,5-டயமின், ரிசார்சினால், அமினோஃபினால்கள் எல்லாம் இந்த வகை. இரண்டு, காரம்: அம்மோனியா அல்லது மோனோஎத்தனாலமின். மூன்று, ஹைட்ரஜன் பெராக்சைடு. ‘டெவலப்பர்’ என்ற பெயரில் தனிப் புட்டியில் வருவது.

கலந்த டையின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 9 முதல் 10.5 வரை இருக்கும். அந்தக் காரத்தில் முடி உப்பி, செதில்கள் தூக்கிக்கொள்கின்றன. சிறிய மூலக்கூறுகள் இடுக்கு வழியாகப் புறணிக்குள் நுழைகின்றன. பெராக்சைடு அங்கே இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்கிறது. உள்ளே இருக்கும் மெலனினை வெளுக்கிறது. நுழைந்த மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றி ஒன்றோடொன்று இணைத்துப் பெரிய நிற மூலக்கூறுகளாக்குகிறது. பெரிதான பின் அவை வந்த வழியே எளிதில் திரும்ப முடியாது. ஷாம்பு போட்டும் கறுப்பு நிற்பதற்குக் காரணம் இதுதான்.

கறுப்பு டை அடித்தாலும் முடிக்குள் வெளுப்பு நடக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நரையோடு கலந்திருக்கும் இயற்கையான கறுப்பு முடியின் மெலனினும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரைகிறது. மேலே போட்ட சாயம் வெயிலிலும் குளியலிலும் மங்கத் தொடங்கியதும் அடியில் இருக்கும் வெளுத்த மெலனின் செம்பட்டையாகத் தெரிகிறது. இதைப் பார்த்துவிட்டு உடனே மறுபடி தலை முழுக்க டை அடித்தால், அடுத்த மங்கலில் செம்பட்டை இன்னும் கூடும். செம்பட்டைக்குப் பயந்து டையை அடுக்கிக்கொண்டே போவது, அந்தச் செம்பட்டையை வளர்க்கும் வேலை.

<b>இழையில் என்ன குறைகிறது</b>

முதலில் போவது மேற்பரப்புக் கொழுப்பு. செதிலின் மேல் 18-மெத்தில் ஐகோசனாயிக் அமிலம் என்ற கொழுப்பு மிக மெல்லிய படலமாக ஒட்டியிருக்கிறது. முடி தண்ணீரை உதறுவதும், ஈரத்தில் இழைகள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்குவதும் இதனால்தான். காரமும் பெராக்சைடும் சேர்ந்தால் இந்தப் படலம் முதல் டையிலேயே கணிசமாகக் கழன்றுவிடும். முடியில் உயிரணு இல்லாததால் திரும்ப ஊறாது. தலைகுளித்தால் காய நேரமாகிறது, ஈரத்தில் சிக்கு விழுகிறது என்ற இரண்டும் இதன் அடையாளங்கள்.

அடுத்தது உள்ளே. கெரட்டின் சங்கிலிகளைப் பிணைத்திருப்பது சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகப் பிணைப்பு. பெராக்சைடு அதில் ஒரு பகுதியை உடைத்து சிஸ்டீயிக் அமிலமாக்கிவிடுகிறது. உடைந்த பிணைப்பு தானாகச் சேராது. அந்த அமிலம் எதிர்மின்னேற்றம் கொண்டது. தண்ணீரை உள்ளே இழுக்கும். அதனால் பலமுறை டை கண்ட முடி குளியலில் அளவுக்கு மீறி உப்பி, காயும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு குளியலிலும் இப்படி உப்பிச் சுருங்கியே செதில் விளிம்புகள் பெயர்கின்றன. செதில் முழுக்கப் போன இடத்தில் புறணியின் நார்கள் பிரிகின்றன. நுனிப் பிளவு அங்கிருந்து வருகிறது. நடுவிலேயே இழை வெள்ளைப் புள்ளிபோல முடிச்சிட்டு ஒடிவதும் அதே காரணத்தால்தான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. நம் ஊர்த் தண்ணீரோடு தொடர்புடையது. தண்ணீர் வழியாக முடிக்குள் சேரும் செம்பு, இரும்பு அயனிகள் பெராக்சைடைத் தொட்டால், அது மிக வீரியமான ஹைட்ராக்சில் கூறுகளாகச் சிதறுகிறது. அவை நிறத்துக்கு உதவாமல் புரதத்தையே தாக்கும். இதற்கு எளிய காப்பு, டைக்கு முந்தின நாள், உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கலந்த கிளாரிஃபையிங் ஷாம்பு ஒன்றைப் போட்டு நல்ல தண்ணீரில் அலசுவது. போர் தண்ணீரின் கால்சியம் இந்த வேலையைச் செய்வதில்லை. ஆனால் டை கண்ட முடியின் எதிர்மின்னேற்றத்தில் வந்து படிந்து, முடியை விறைப்பாகவும் மங்கலாகவும் ஆக்கும்.

டை தாக்குவது தோலுக்கு வெளியே நிற்கும் இழையை. மயிர்க்கால் தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. டை அடித்தால் நரை பரவும் என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. நரை அதன் வேகத்தில் வருகிறது, டை அடிப்பவர் அதைக் கூர்ந்து பார்க்கிறார். ‘முடி கொட்டுகிறது’ என்று தோன்றினால் சீப்பில் சிக்கிய முடியை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு வந்தது. டையின் சேதம் அல்ல. இரு முனையிலும் குமிழ் இல்லாமல் நீளம் குட்டையாக இருந்தால் ஒடிந்தது. டையால் வருவது பெரும்பாலும் இந்த ஒடிதல்தான். தலைத்தோல் ஒவ்வாமையால் புண்ணாகிப்போனால் கதை வேறு. அப்போது வேரோடும் கொட்டலாம்.

<b>பெட்டியின் மேல் இருக்கும் சொற்கள்</b>

அம்மோனியா இல்லாத டை என்றால் அதில் வேறு காரம் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் மோனோஎத்தனாலமின். அம்மோனியா ஆவியாகிப் போகும், மூக்கைத் துளைக்கும். மோனோஎத்தனாலமின் ஆவியாகாது, வாடை இல்லை, ஆனால் அலசும்வரை முடியிலேயே இருக்கும். அதிக அளவில் சேர்த்த டையில் சேதம் அம்மோனியாவுக்குக் குறையாது. வாடை இல்லாதது மென்மையானது என்று நம்பி கூடுதல் நேரம் ஊறவைப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

பெட்டிக்கடையில் தொங்கும் சிறு பாக்கெட் பொடி டைகளில் தண்ணீர் மட்டும் கலந்தால் போதும் என்பதால் பெராக்சைடு இல்லை என்று நினைக்கிறார்கள். பல பொடிகளில் பேரியம் பெராக்சைடோ சோடியம் பெர்போரேட்டோ இருக்கிறது. பெர்போரேட் தண்ணீர் பட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளிவிடும். நிறம் தருவது பெரும்பாலும் அதே பிபிடி. ‘கறுப்பு ஹென்னா’ என்று விற்பதிலும் இதே சேர்க்கை உண்டு. மருதாணி இலையால் முடியைக் கறுப்பாக்க முடியாது. அதன் சாயம் செம்மஞ்சள். அரை மணி நேரத்தில் கருகருவென்று ஆக்கும் பொடி எதுவாக இருந்தாலும் பின்பக்கப் பட்டியலைப் படித்துவிட்டுக் கையில் எடுங்கள்.

டெவலப்பரில் 10 வால்யூம் என்றால் பெராக்சைடு 3 சதவீதம், 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. கிரீமோடு ஒன்றுக்கு ஒன்று கலந்தால் 6 சதவீதம் 3 ஆகிவிடும். கறுப்புக்கும் அடர் பழுப்புக்கும் 6 சதவீதம் தாராளம். நரை பிடிக்கவில்லை என்று 12க்குப் போவது தவறான மருந்து. அது முடியை அதிகம் வெளுக்கும், அதிகம் உப்ப வைக்கும். நரையில் நிறம் கூடுதலாக ஏறாது.

<b>வேருக்கு மட்டும் அடிப்பது எப்படி</b>

நேரம் எடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தப் பகுதி. எத்தனை ஆண்டு டை அடித்தவராக இருந்தாலும் 48 மணி நேரத்துக்கு முன் ஒவ்வாமைச் சோதனை வேண்டும். லேபிளில் சொன்னபடி காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவிப் பாருங்கள். பிபிடி ஒவ்வாமை எந்த முறையிலும் புதிதாக வரலாம். வந்தால் வாழ்நாள் முழுக்க நீடிக்கும். அரிப்போ தடிப்போ கண்டால் அந்த டையைத் தூக்கி எறியுங்கள்.

டை அன்று தலைகுளிக்காமல், எண்ணெய் வைக்காமல், உலர்ந்த முடியில் அடிக்க வேண்டும். முந்தின நாள் குளித்தது போதும். தலைத்தோலின் இயற்கை எண்ணெய் எரிச்சலைக் குறைக்கும். தலைக்குத் தேய்த்த எண்ணெய் வேரில் இருந்தால் நிறம் ஒழுங்காக ஏறாது. நீளத்தில் அதே குணத்தை நமக்குச் சாதகமாக்கலாம்: ஏற்கெனவே டை கண்ட பகுதியில், வேரிலிருந்து இரண்டு விரல் தள்ளித் தொடங்கி, தேங்காய் எண்ணெயோ கண்டிஷனரோ மெல்லப் பூசிவிடுங்கள். தவறி வழிந்தாலும் டை அங்கே சட்டென்று உள்ளே போகாது. நெற்றியோரம், காது மடல், பிடரியில் வாசலின்.

வேர் வளர்ச்சிக்கு மட்டும் என்றால் 60 கிராம் டியூபில் பாதி போதும்: 30 கிராம் கிரீம், 30 மி.லி. டெவலப்பர். சில பிராண்டுகளில் ஒன்றுக்கு ஒன்றரை; பெட்டியில் உள்ள விகிதத்தை மாற்ற வேண்டாம். கண் அளவு கைகொடுக்காது, சமையலறைத் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். டெவலப்பர் கூடிப்போனால் கலவை ஒழுகி நீளத்தில் இறங்கும். குறைந்தால் நிறம் முழுதாக வளராது. பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கிண்ணம், பிளாஸ்டிக் சீப்பு. எவர்சில்வர், அலுமினியம், இரும்பு எதுவும் வேண்டாம். கலந்தவுடன் பூச வேண்டும். அரை மணி வைத்திருந்து பூசினால் நிறம் கிண்ணத்திலேயே வளர்ந்துவிட்டிருக்கும், முடிக்குள் போகாது. மிச்சத்தை மூடி போட்டு எடுத்து வைக்கவும் கூடாது. ஆக்சிஜன் வெளிவந்து அழுத்தம் ஏறிப் புட்டி வெடிக்கும்.

தலையை நாலு பாகமாகப் பிரித்துக் கிளிப் போடுங்கள். பிறகு அரை செ.மீ. இடைவெளியில் வகிடு வகிடாகப் பிரித்து, பிரஷ்ஷால் புதிதாக வளர்ந்த 1 முதல் 1.5 செ.மீ. மேல் மட்டும் தடவ வேண்டும். தோலில் தேய்க்கத் தேவையில்லை. நெற்றியோரமும் காதோரமும் முதலில். அங்கேதான் நரை பிடிவாதமாக இருக்கும், கூடுதல் நேரம் கிடைக்கட்டும். அங்கே கொஞ்சம் தடிமனாகவே வையுங்கள். மெல்லப் பூசினால் காய்ந்துபோய் வேலை நின்றுவிடும். பிடரி கடைசி. எல்லாம் முடிக்க 15 நிமிடத்துக்கு மேல் போனால், அடுத்த முறை உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பூசியதற்கும் கடைசியில் பூசியதற்கும் ஊறும் நேரத்தில் பெரிய வித்தியாசம் வரக் கூடாது அல்லவா?

கடிகாரம் பூசி முடித்த நேரத்திலிருந்து. கிரீம் டைக்குப் பெரும்பாலும் 30 முதல் 40 நிமிடம். கண்ணாடியில் கறுப்பாகத் தெரிகிறதே என்று 15 நிமிடத்தில் அலசுவது மோசமான அவசரம்: வெளியே கறுத்திருக்கும், உள்ளே மூலக்கூறுகள் பாதி வளர்ச்சியில் நிற்கும். இரண்டு குளியலில் போய்விடும். இணையாத பிபிடி தோலிலும் தங்கும். மாறாக ஒரு மணி நேரம் வைத்தாலும் கறுப்பு கூடாது. காரமும் பெராக்சைடும் மட்டும் வேலையைத் தொடரும்.

நீளம் மங்கியிருந்தால் கடைசி 5 நிமிடத்தில் வேரின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கலவையை நுரைக்கச் செய்து சீப்பால் கீழே இழுத்துவிடலாம். மூன்று நான்கு டைக்கு ஒருமுறை இது போதும்; ஒவ்வொரு முறையும் செய்தால் மேலே சொன்ன காப்பெல்லாம் வீண். நீளத்துக்கு நிறம் அடிக்கடி வேண்டும் என்றால் பெராக்சைடு இல்லாத செமி-பெர்மனென்ட் கலர் நல்லது. சில குளியலில் மங்கும், ஆனால் இழையைத் தொந்தரவு செய்யாது.

தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, பிஎச் 4 முதல் 5 வரை இருக்கும் கண்டிஷனரை 3 நிமிடம் வையுங்கள். டைப் பெட்டியில் வரும் சிறிய சாஷே பெரும்பாலும் இதற்குத்தான். அமிலத்தன்மை உப்பிய முடியைச் சுருக்கிச் செதிலைப் படிய வைக்கும். கண்டிஷனரின் நேர்மின்னேற்றம் கொண்ட மூலக்கூறுகள் சேதமான இடத்தின் எதிர்மின்னேற்றத்தில் போய் ஒட்டும். அடுத்த ஷாம்பு இரண்டு மூன்று நாள் கழித்து.

வேர் டைக்கு இடைவெளி 4 முதல் 6 வாரம். பத்தாம் நாளே வகிட்டில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதற்கு டச்-அப் ஸ்டிக் அல்லது பவுடர் உண்டு. குளித்தால் போகும், இழைக்குள் நுழையாது. 5 செ.மீ. கிராப் வைத்திருக்கும் ஆண்களுக்கு நீளக் கணக்கு பொருந்தாது. நுனிக்கே ஐந்து மாத வயதுதான், சேதம் சேர்வதற்குள் முடிதிருத்தகத்தில் விழுந்துவிடும். அவர்கள் கவலைப்பட வேண்டியது தோலைப் பற்றி, முக்கியமாகத் தாடியில் அடிக்கும்போது.

<b>கோளாறைப் படிப்பது</b>

நுனி மைக்கறுப்பு, வேர் பழுப்பு என்று இருந்தால் நீளத்தில் டை அடுக்கிவிட்டது. நுனியில் மட்டும் நிறம் சீக்கிரம் வெளுத்தால் அங்கே செதில் போய்விட்டது. போட்ட சாயம் கசிந்து வருகிறது. மேலும் டை போட்டால் மேலும் கசியும், 3 செ.மீ. வெட்டுவதுதான் வழி. ஒரே உயரத்தில் பல இழைகள் ஒடிந்து நின்றால், புது வளர்ச்சியும் பழைய டையும் சேரும் கோட்டில் ஒவ்வொரு முறையும் மேலே மேலே பூசியிருக்கிறீர்கள்.

ஈரமான ஒற்றை இழையை இரு கையால் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல முடி தன் நீளத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் நீண்டு, விட்டதும் திரும்பும். நீண்டு அப்படியே தொங்கினாலோ, ரப்பர்போல இளகி அறுந்தாலோ, புறணியின் பிணைப்புகள் போதிய அளவு இல்லை. அந்த முடிக்கு டை, ஸ்மூத்தனிங், அயர்னிங் எதுவும் கூடாது.

ஸ்மூத்தனிங், ரீபாண்டிங் செய்பவர்கள் இதை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். அவற்றில் போடும் தயோகிளைகோலேட் என்ற வேதிப்பொருள் அதே கந்தகப் பிணைப்பைத்தான் உடைக்கிறது; பிறகு போடும் நியூட்ரலைசர் அதைத் திரும்ப இணைக்கிறது. டை ஏற்கெனவே குறைத்துவிட்ட பிணைப்பில் இந்த வேலை கை வைக்கிறது. இரண்டுக்கும் இடையே இரண்டு வாரமாவது விடுங்கள். டை கண்ட முடிக்கு அயர்ன் 180 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். முழுக்கக் காய்ந்த பிறகே அயர்ன். ஈரத்தில் வைத்தால் உள்ளே இருக்கும் நீர் கொதித்து இழைக்குள்ளேயே குமிழ் விடும். ஒடிவது அந்தக் குமிழில்தான்.

பாக்கெட் பொடி, ‘ஹென்னா’ என்று பல ஆண்டு போட்டுவிட்டு கிரீம் டைக்கு மாறுகிறவர்களின் முடியில் உலோக உப்பு இருக்கக்கூடும். பார்லரில் கேட்டால் ஒரு சோதனை செய்துதர முடியும்: 6 சதவீத பெராக்சைடு 30 மி.லி., 28 சதவீத அம்மோனியா 20 சொட்டு, கண்ணாடிக் குவளையில். அதில் வெட்டிய இருபது முப்பது இழையை 30 நிமிடம் போட வேண்டும். கொதிப்பு, சூடு, கெட்ட வாடை வந்தால் அந்தத் தலையில் பெராக்சைடு படவே கூடாது. வளர்ந்து வெட்டி எறியும்வரை காத்திருக்க வேண்டும்.

<b>அன்றாடம்</b>

குளிப்பதற்குச் சில மணி நேரம் முன் தேங்காய் எண்ணெய் வைக்கும் நம் வீட்டு வழக்கம் டை கண்ட முடிக்கு மிகப் பொருத்தமானது. அதிலிருக்கும் லாரிக் அமிலக் கொழுப்பு சிறியது, நேரானது. இழைக்குள் ஊடுருவி, தண்ணீர் உப்ப வைப்பதையும் புரதம் கரைவதையும் குறைக்கிறது. கனிம எண்ணெய் மேலே பளபளப்பதோடு சரி. சோப்புக் கட்டியைத் தலையில் தேய்ப்பதை நிறுத்துங்கள். அதன் பிஎச் 9க்கு மேல், உப்புத் தண்ணீரில் படிவும் விடும். சிகைக்காய்ப் பொடியைச் சொரசொரப்பாகக் கசக்கித் தேய்த்தாலும் தூக்கி நிற்கும் செதில் உரசும். வடிகட்டிய சாறாகப் போடலாம். போர் தண்ணீர் தவிர வழியில்லை என்றால் கடைசி அலசலுக்கு ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர். வாரம் ஒருமுறை போதும்.

‘முடியைச் சரிசெய்யும்’ என்று எழுதிய கிரீம்கள் செத்த இழைக்கு உயிர் கொடுப்பதில்லை. அமோடைமெத்திகோன் போன்ற சிலிக்கோன்கள் சேதமான இடத்தில் ஒட்டி உரசலைக் குறைக்கும். ஒடிவதைத் தள்ளிப்போடுகிறது, அதனால் பயன் உண்டு. வாங்கும்போது அந்த அளவுக்கு மட்டும் எதிர்பாருங்கள்.

ஆண்டுக்கணக்கில் கறுப்பு அடித்துவிட்டுப் பழுப்புக்கு மாற விரும்புகிறவர்களுக்கு ஒன்று. கறுப்பு சாயத்தின் மேல் பழுப்பு டை போட்டால் நீளத்தில் எதுவும் மாறாது. டை டையை வெளுக்காது. வேர் மட்டும் பழுப்பாகும். நீளத்தை மாற்ற பிளீச் வேண்டும். அடுக்கடுக்காகக் கறுப்பு ஏறிய, பிணைப்பு குறைந்த முடி பல சுற்று பிளீச்சைத் தாங்காது. ஒரே நாளில் எடுத்துத் தருகிறோம் என்று பார்லரில் சொன்னால், காதுக்குப் பின்னால் ஒரு சிறிய கற்றையில் மட்டும் முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள். அதை நனைத்து இழுத்துப் பார்த்த பிறகு மீதியைப் பற்றிப் பேசலாம்.